நூற்றுக்கு இரண்டு

புளியேரியில் இரண்டு சின்னராசுகள் இருந்தார்கள். ஒருவனிடம் டிராக்டர் இருந்ததால் அவன் டிராக்டர் சின்னராசு. மற்றவன் அரைக்கட்டு சின்னராசு.

அந்தப் பெயர் அவனுக்குச் சிறு வயதில் வந்தது. மானாம்பதிக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் பொன்னியம்மன் கோயிலுக்கு வாங்குவது தலைக்கட்டு வரி. கல்யாணமான ஓர் ஆணும் அவன் குடும்பமும் ஒரு தலைக்கட்டு. பத்து ஏக்கர்க்காரனும் பத்து சென்ட்காரனும் ஒரே தொகைதான் கட்ட வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. புருஷன் இறந்துபோன வீடு அரைக்கட்டு. பாதி கட்டினால் போதும். சின்னராசுவின் அப்பா கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து இறந்துபோனார். அந்த ஆடியிலிருந்து அவன் வீடு அரைக்கட்டு ஆயிற்று.

ஆடியில் கூழ் வார்த்து முடிந்ததும் கோயில் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலைக்கட்டுக்கு ஒரு தேங்காய் கொடுப்பார்கள். அரைக்கட்டுக்கு ஒரு மூடி. அதை வாங்கிவர அவனைத்தான் அனுப்புவார்கள். மூடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவான். தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் சட்டைக்குள்தான் போட்டுக்கொள்வான். அவன் அம்மா சரசு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "பாதி துட்டு மிச்சம்தானே, இதுக்குப் போயி அயுவுறியே" என்பாள்.

பெருநகரிலிருந்து கனகாவைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம் அவன் பெயரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "சின்னராசு, ஒரு கட்டு." கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை அன்றைக்கும் போட்டுக்கொண்டு போயிருந்தான். மாலையும் மேளமும் வந்தபோது வராத ஒன்று அந்தத் தேங்காயைக் கையில் வாங்கியபோது வந்தது. அதற்குப் பிறகு எந்த வருஷமானாலும் வரி வாங்க உட்காரும் முதல் நாளே போய்க் கட்டிவிடுவான். அம்மா போய்ச் சேர்ந்தாள். டிராக்டர் சின்னராசு டிராக்டரை விற்றுவிட்டுச் செங்கல்பட்டுக்குக் குடிபோனான். ஒரே சின்னராசு மிஞ்சியதால் அடைமொழி தேவைப்படாமல் போயிற்று.

அவன் வேலை வைக்கோல் கட்டுவது. அறுவடை மெஷின் அறுத்துவிட்டுப் போன பிறகு வயலில் வைக்கோல் பரந்து கிடக்கும். அவன் ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய இன்னொரு மெஷின் அதை வாரி உருட்டி, கயிறு சுற்றி வெளியே தள்ளும். மெஷினும் டிராக்டரும் அரிசி மில் வெங்கடேசனுடையவை. பங்காளி முறையில் அவனுக்கு அண்ணன். வயல்காரர்களிடம் வெங்கடேசன் கட்டுக்கு முப்பத்தைந்து வாங்குவார். சின்னராசுவுக்குக் கட்டுக்கு மூன்று ரூபாய். சொந்தமாக அவனுக்கு ஐம்பது சென்ட் நிலமும் ஒரு கறவை மாடும் இருந்தன. ஒரே மகள் ஜெயப்பிரியாவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்யாறில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

கயிறு மாட்டுவதற்கும் கட்டுகளை அடுக்குவதற்கும் அப்பு வருவான். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசைகளில் இருக்கிறவன். அந்தக் குடிசைகளில் கோயில் வரி வாங்குவதில்லை.

"யாண்ணா, கும்பாபிசேகம் வருதாமே. எங்களாண்ட ஏன் வரி கேக்க மாட்டேன்றாங்க?" என்று கேட்டான் அப்பு.

"உங்களுக்குத் தள்ளுபடிடா."

"தள்ளுபடி இல்லண்ணா. தள்ளி வச்சிகீறாங்க." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

சின்னராசுவும் சிரித்தான். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்காகத் தலைக்கட்டுக்கு ஆறாயிரம் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பருவம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வைக்கோலைக் கட்ட முடியாது. கட்டினால் உள்ளே புழுங்கிக் கறுத்துவிடும். மெஷின் பாதி நாள் மில் கொட்டகையில் நின்றது.

"ஆறாயிரத்துக்கு எங்க போவ? வெங்கடேசன் மாமாவக் கேளேன்" என்றாள் கனகா.

"கேட்டு கட்றதுக்கா? வாணாம்."

"அப்போ ரெண்டு தபாவா கட்றேன்னு சொல்லு."

"ரெண்டு தபாவா கட்றதுக்கும் பாதி கட்றதுக்கும் இன்னா வித்தியாசம்?"

கனகா அவனைப் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்தது. ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மைக் வைத்திருந்தார்கள். பெண்கள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார்கள். வரிப்பணம் வாங்கி வைக்கும் பொறுப்பு இந்த முறை தமிழரசனிடம் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறவன். மற்றவர்களுடைய வருமான வரிக் கணக்கைப் போட்டுப் போட்டு, பேசும்போதும் எதையாவது கூட்டிக்கொண்டிருப்பவன் போலத் தெரிவான்.

"தலைக்கட்டுக்கு ஆறாயிரம்னா சுலபம். ஆனா அது சரியில்ல" என்று ஆரம்பித்தான். "வெங்கடேசன் பெரியப்பாவுக்கு ஆறாயிரம் ஒரு வாரத்து டீசல். கூலிக்குப் போறவங்களுக்கு அது ஒரு மாசத்துச் சோறு. அவங்கவங்க வருஷ வரும்படியில நூத்துக்கு ரெண்டு வாங்கலாம். எல்லாருக்கும் ஒரே பர்சன்ட். கூட கொறைச்சல் கெடையாது."

"வரும்படின்னு எதப் பாப்ப?" என்றார் வேதாசலம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட்டா? அத வச்சினு பாத்தா ஊர்ல எல்லாருக்கும் வருஷத்துக்கு எழுபத்திரெண்டாயிரம்தான். பசங்க படிப்புக்காகப் போயி எல்லாரும் ஒண்ணுபோல அதான சொன்னோம்? மில்லுக்காரரும் சொன்னாரு, நானும் சொன்னேன்."

கொட்டகை சிரித்தது. வெங்கடேசனும் சிரித்தார்.

சின்னராசு எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எப்பவும்போலவே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே தொக."

"டேய், பர்சன்ட்னா உனக்குத்தான்டா கொறையும்! நீயே வாணாம்ன்றியே" என்றார் வேதாசலம்.

"கொறையட்டும்னு யாரு கேட்டா? அம்மனுக்கு எதிர்ல இன்னிக்கு எல்லாரும் ஒண்ணுன்னு நிக்கிறோம். நாளைக்கு இவன் ரெண்டாயிரம் கட்னவன், அவன் இருபதாயிரம் கட்னவன்னு ஆயிடும். இருபதாயிரம் கட்னவன் முன்னாடி நிக்கணும்னு கேப்பான். நீ பின்னாடி போன்னுவான். அப்புறம் யாரு வூட்ல இன்னா வருதுன்னு ஊரு எட்டிப் பாக்கும். அது எதுக்கு?"

"ராசு சொல்றதுதான் நாயம்" என்றார் வெங்கடேசன்.

வெங்கடேசன் தன் பக்கம் பேசியது சின்னராசுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஏன் பேசினார் என்பது அப்போது தோன்றவில்லை.

தமிழரசன் விடவில்லை. "ஒரே தொக கட்னா ஒண்ணாயிடுவமா சித்தப்பா? ஒருத்தரு பாக்கெட்லருந்து எடுத்துக் குடுக்கறாரு, ஒருத்தரு மாட்ட வித்துக் குடுக்கறாரு. ஒரே பர்சன்ட்னாதான் ஒண்ணு."

"ஒரே பர்சன்ட் ஏன்?" வேதாசலம் மறுபடி எழுந்தார். "கவர்மெண்டு மாதிரி வையி. மேல போவப்போவ பர்சன்ட்டும் ஏறட்டும். பெரிய வூட்டுக்கு அஞ்சு போடு."

"யோவ் கண்டக்டரு, தூரம் போனா டிக்கெட்டு ஏத்தற மாதிரி ஏத்தினு போறியே" என்றார் வெங்கடேசன். "அதிகமா ஒயச்சா அதிகமா புடுங்குவன்னா எவன் ஒயப்பான்?"

தொட்டி ஓரத்திலிருந்து எல்லம்மாள் குரல் கொடுத்தாள். கணவன் இறந்து அரைக்கட்டு கட்டுகிறவள். "நூறுல ரெண்டு போனா அவருக்கும் தொண்ணூத்தெட்டு மிச்சம், எனக்கும் தொண்ணூத்தெட்டு மிச்சம். அவரு தொண்ணூத்தெட்டுல காரு ஓடுது. என்னுதுல அடுப்பே எரிய மாட்டேன்து. இதுல எங்கடா ஒண்ணு?"

தமிழரசன் விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஆயிரம் பேசலாம் பெரிம்மா. படி வச்சா யாரு எந்தப் படின்னு சண்ட வரும். ஒரே பர்சன்ட்ல அது இல்ல. இருக்கறதுல இதான் கொறஞ்ச சண்ட."

கை தூக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு இரண்டு என்று முடிவாயிற்று. சர்டிபிகேட் வேண்டாம், அம்மனுக்கு எதிரே நின்று வாயால் சொன்னால் போதும், சொன்னது கணக்கு.

வேதாசலம் முதலில் போய் மைக்கை வாங்கினார். "பென்சனு மாசம் இருபத்திரெண்டாயிரம். வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து அறுபத்துநாலாயிரம். பேங்குல வந்து வியுது. நெனச்சாலும் மறைக்க முடியாது." அவருக்கு ஐயாயிரத்து இருநூற்று எண்பது. தமிழரசன் தன் சம்பளத்தைச் சொன்னான். இன்னும் சிலர் சொன்னார்கள். பிறகு வெங்கடேசன் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மனைக் கும்பிட்டு, "ரெண்டரை லட்சம்" என்றார்.

கண்டக்டரைவிட மில்லுக்காரர் ஏழை.

"மில்லு?" என்றது ஒரு குரல்.

"கடன்ல ஓடுது."

"காரு?"

"மாப்ள குடுத்தது."

"நெல்லு?"

"வெள்ளாமைக்குக் கவர்மெண்டே வரி கேக்கல. நீ கேக்க வந்துட்டியா?"

அடுத்து சின்னராசு. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவன் மனசுக்குள் பின்னாலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஆறாயிரம் கட்ட வேண்டுமானால் வரும்படி எவ்வளவு இருக்க வேண்டும்? மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூணு லட்சம்" என்றான்.

வேதாசலம் உடனே சொன்னார்: "வெங்கடேசா, நீ பேசாம ராசுகிட்ட வேலைக்குப் போயிடு."

கொட்டகை அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றே சிரித்தான். "மூணு லட்சம்னா கனகாக்காவுக்கு மாசாமாசம் கவர்மெண்டு ஆயிரம் ரூபா எப்படி வருது? ரெண்டரைக்கு மேல போனா அது கெடையாதே!" என்றது இன்னொரு குரல்.

வெங்கடேசனுக்கு முகம் சிவந்தது. அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. "டேய் ராசு, உனக்கு இன்னா வருதுன்னு எனக்குத் தெரியாதாடா? எதுக்குடா இந்த வீம்பு? தமிழு, எயுதுப்பா. பாவம், அவனுக்கு அரைக்கட்டு போடு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பாதி போதும் என்பதற்கு அந்த ஊரில் வேறு சொல் இல்லை. சொன்ன பிறகுதான் அது யாருக்கான சொல் என்று அவருக்கே உறைத்தது. தொட்டி ஓரத்தில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கனகாவின் கை கழுத்துக்குப் போயிற்று.

"யோவ்! வாயக் கயுவு!" என்று கத்தினாள் எல்லம்மாள். "புருஷன் கல்லாட்டம் நிக்கிறான், பொண்டாட்டி இங்க நிக்கிறா. அரைக்கட்டுன்னா இன்னான்னு என்னாண்ட வந்து கேளு."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா..." என்றார் வெங்கடேசன்.

சின்னராசு மைக்கைப் பிடித்தபடி நின்றான். கனகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றதை அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் கவனித்தான்.

"யாரும் எங்களுக்குப் பாவம் பாக்க வாணாம். நானே சொல்றேன்" என்றாள். மைக் இல்லாமலே பேசினாள். "இவருக்கு மெஷின்ல கட்டுக்கு மூணு ரூபா. வருஷத்துக்கு இருபத்தோராயிரம் கட்டு. அறுபத்துமூணாயிரம். மாடு இருபத்தோராயிரம். நூறு நாள் வேலையில பதினாலாயிரம். எனக்கு வர்ற ஆயிரம், வருஷத்துக்குப் பன்னெண்டு. நெலத்துல செலவு போவ பத்து. எல்லாம் சேத்து ஒரு லட்சத்து இருபதாயிரம். நூத்துக்கு ரெண்டுன்னா ரெண்டாயிரத்து நானூறு. வெங்கடேசன் மாமாவுக்கு இன்னா பர்சன்ட்டோ அதே பர்சன்ட்தான் எங்களுக்கும். அரையும் வாணாம், கொறையும் வாணாம். முயுக் கட்டு."

தமிழரசன் தலையாட்டினான். அவன் இத்தனை நேரம் விளக்கப் பார்த்தது அதைத்தான்.

அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் வேதாசலம் கண்டக்டராக இருந்தவர். உதடு அசையாமல் கணக்குப் போடுகிறவர். "இருபத்தோராயிரம் கட்டு... கட்டுக்கு முப்பத்தஞ்சு..." என்றார். "ஏழு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்! வெங்கடேசா, மெஷினு மட்டும் ஏழு லட்சம் ஓடிகீதுடா! டீசலு, கயிறு எல்லாம் போவட்டும். ரெண்டரை லட்சம்னு அம்மனாண்ட நின்னு சொன்னியே!"

எல்லோரும் வெங்கடேசனைப் பார்த்தார்கள். வெங்கடேசன் சின்னராசுவைப் பார்த்தார். கோபமாக அல்ல, எதற்கோ காத்திருப்பவர் போல.

சின்னராசு மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"அவ சொல்றது பொய்" என்றான். "அவளுக்குக் கணக்கு தெரியாது. மூணு லட்சம்தான். அப்படியே எயுது."

ஒலிபெருக்கி கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பொய் என்ற சொல் தெருமுனைவரை போயிற்று.

கனகா தொட்டி ஓரத்துக்குத் திரும்பிப் போகாமல் நேராக வீட்டுப் பக்கம் நடந்தாள். ஆண் சொன்னதுதான் கணக்கு என்று யாரோ சொன்னார்கள். தமிழரசன் சின்னராசுவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்று லட்சம் என்று எழுதினான். மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கூட்டம் சாதாரணமாகிவிட்டது. கலையும்போது வெங்கடேசன் வந்து அவன் தோளில் கை வைத்தார். "வூட்டுக்குப் போடா. நான் பாத்துக்கறேன்." அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. சின்னராசு அசையவில்லை.

எதற்காகச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. தன் மூன்று லட்சத்தைக் காப்பாற்றச் சொன்னானா, வெங்கடேசனின் இரண்டரை லட்சத்தைக் காப்பாற்றச் சொன்னானா? எல்லோரும் ஒன்று என்று பேசத்தான் அன்றைக்கு எழுந்தான். முடிவில் முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறான்.

வீட்டில் கனகா சண்டை போடவில்லை. சோறு போட்டாள். மாட்டைப் பிடித்துக் கட்டினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அது சண்டையைவிட மோசமாக இருந்தது. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தமிழரசன் விவரம் போட்டிருந்தான். அதில் தன் பெயர் வெங்கடேசன் பெயருக்கு மேலே இருப்பதைச் சின்னராசு பார்த்தான். யாரோ அதன் கீழே கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தான்.

வரி வாங்க உட்கார்ந்த முதல் நாள் அவன் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. மறுநாள், கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று தமிழரசனிடம் போனான்.

"உங்களுது கட்டியாச்சே சித்தப்பா" என்றான் தமிழரசன்.

"யாரு?"

"வெங்கடேசன் பெரியப்பா. அவருதோட சேத்து உங்க ஆறாயிரமும் குடுத்துட்டாரு. ராசு அப்புறம் தருவான்னாரு." தமிழரசன் குனிந்தபடியே பேசினான். அவன் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தது சின்னராசுவுக்கு உதவியாக இருந்தது.

அப்புறம் தருவான் என்பது சும்மா. வெங்கடேசன் அதைக் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதற்குத்தான் கொடுத்திருக்கிறார். மைக்கில் சொன்ன சொல்லுக்கு விலை ஆறாயிரம். சின்னராசு கும்பிடாமல் கோயிலைத் தாண்டி வந்தான்.

கனகாவிடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு கட்னா எனக்கு இன்னா?" என்றாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். "நீ மூணு லட்சம் சொல்லு, முப்பது லட்சம் சொல்லு. அது உன் வீம்பு. உன் வூட்டு அரைக்கட்டு எனக்குத் தெரியும், உன் ஆத்தா எல்லாம் சொல்லிகீது. ஆனா நான் இன்னா பொய் சொன்னேன்? அம்மனுக்கு எதிர்ல நின்னு நெசத்தச் சொன்னேன். ஊரே கேக்க என்னப் பொய்க்காரின்னுட்ட. குயாயடிக்குப் போனா, இன்னா கனகா, ஒனக்குக் கணக்கே தெரியாதாமேன்றாளுங்க. இருபது வருஷமா பால் கணக்கு, கடக் கணக்கு, உன் கட்டுக் கணக்கு, எல்லாம் யாருய்யா போட்டா?"

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினாள்.

"போயி அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துடு" என்றாள். "வேற ஒண்ணும் வாணாம்."

அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். பால் சொசைட்டியில் வந்த பணம் அரிசி டப்பாவில் இருந்தது. கனகாவைக் கேட்டு இரண்டாயிரத்து நானூறு எடுத்துக்கொண்டான்.

கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்து, கால் நடும் ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். வேதாசலமும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். தமிழரசன் முன்னால் போய் நின்ற சின்னராசு பணத்தை ஒரு முறை எண்ணினான். அன்றைக்கு மூன்று லட்சம் என்று சொல்ல எந்தத் தயக்கமும் வரவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தது.

"கனகா சொன்னதுதான் நெசம்" என்றான். "பொய் சொன்னது நான்."

பந்தல்காரன் கயிறு முடிவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு லட்சத்து இருபதுன்னு மாத்திக்க. ரெண்டாயிரத்து நானூறு. அந்த ஆறாயிரத்த அண்ணனாண்ட குடுத்துடு."

"டேய், இன்னாடா இது? முடிஞ்சுபோன விஷயத்த" என்றார் வெங்கடேசன். குரலில் பிரியம் இருந்தது.

தமிழரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அந்தக் கட்டு கணக்கு, சித்தப்பா? இருபத்தோராயிரம்?"

சின்னராசு பணத்தைத் தமிழரசனிடம் நீட்டினான். வெங்கடேசன் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"அதுவும் அவ சொன்னதுதான் நெசம்."

வேதாசலம் இந்த முறை கணக்குப் போடவில்லை. வெங்கடேசன் எழுந்து வந்து கையை நீட்டினார். சின்னராசு முதலில் புரியாமல் நின்றான். பிறகு அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்த டிராக்டர் சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தான்.

"சின்னராசு, ஒரு கட்டு, ரெண்டாயிரத்து நானூறு" என்று வாய்விட்டுச் சொன்னபடி தமிழரசன் எழுதினான். அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னான். சின்னராசு தலையைக்கூட ஆட்டவில்லை.

வீட்டுக்குப் போகிற வழி சின்னதுதான். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அதற்குள் கேள்விப்பட்டுவிட்டது போல அவனுக்குத் தோன்றியது. கேள்விப்படாதது போலவும் தோன்றியது. எது நல்லது என்று தெரியவில்லை.

கனகா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றான்.

"இன்னான்னு?"

"நீ சொன்னது நெசம், நான் சொன்னது பொய்னு."

அவள் தெளிப்பதை நிறுத்தவில்லை. "சாவி?"

"குடுத்துட்டேன்."

கனகா வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரு யாரு இருந்தாங்க?"

"வெங்கடேசன் அண்ணன். கண்டக்டரு. பந்தல் போடற ஆளுங்க. தமிழு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நான் பொய்க்காரின்னு சொன்னது தெருமுன வூடு வரைக்கும் கேட்டுச்சாம். கொயந்தைக்குச் சோறு ஊட்டிக்கினு இருந்தவ எயுந்து வெளிய வந்து பாத்தாளாம். இது எது வரைக்கும் கேட்டுச்சு?"

தான் எவ்வளவு மெல்லச் சொன்னோம் என்பது அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. பந்தல்காரன்கூட முழுவதும் கேட்டிருக்க மாட்டான்.

"வெள்ளிக்கெயம யாகசால பூச ஆரம்பிக்கறாங்க. மைக்கு கட்டுவாங்க" என்றாள் கனகா. "அன்னிக்குப் போயி இன்னொரு தபா சொல்லு."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈரம் காயாத வாசலில், எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் சின்னராசு நின்றுகொண்டிருந்தான்.